மேட்டூர் முதல் கோடியக்கரை வரை: காவிரி நீர் கடலில் 'வீணாக'க் கலக்கிறதா? அணை, கதவணை, சதுப்பு நிலம்... முழு விளக்கம்

மேட்டூர் அணை நிரம்பினால் அடுத்த சில நாட்களில் ஒரு தலைப்பு எல்லா சேனலிலும் வந்துவிடும். 'கடலில் வீணாகக் கலக்கும் காவிரி நீர்'. பிரேக்கிங்கில் ஓடும், தம்ப்நெயிலில் இருக்கும், டிபேட்டுக்கும் அதுதான் தலைப்பு. நானே இதைப் பலமுறை டைப் செய்திருக்கேன். ஆனால் அதே நாளில், அதே மாவட்டத்தில், 'கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை: விவசாயிகள் மறியல்' என்று இன்னொரு செய்தியும் டெஸ்க்குக்கு வரும். ஒரு பக்கம் லட்சம் கனஅடி கடலுக்குப் போகுது, இன்னொரு பக்கம் வயல் காயுது. இது எப்படி? அதிகாரிகளின் அலட்சியமா, தண்ணீர் பங்கீட்டில் கோளாறா, இல்லை ஆற்றின் அமைப்பே அப்படித்தானா?

இதைப் புரிஞ்சுக்க ஆற்றோடவே மேலிருந்து கீழே ஒரு ட்ரிப் போகணும். சிவில் இன்ஜினியரிங் மாணவர்களையும் வேளாண் கல்லூரி மாணவர்களையும் ஸ்டடி டூர் அழைத்துச் செல்லும் அதே வழிதான்: மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, அணைக்கரை, கடைசியில் கடற்கரையோர ஈரநிலங்கள்.

முதலில் கணக்கு: டிஎம்சி, கனஅடி என்றால் என்ன?

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. டிஎம்சி என்பது அளவு. 100 கோடி கனஅடி தண்ணீர் ஒரு டிஎம்சி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி லிட்டர். கனஅடி என்று செய்தியில் சொல்வது வேகம்: ஒரு வினாடிக்கு எத்தனை கனஅடி ஓடுகிறது என்பது. 'அணையில் இருந்து 20 ஆயிரம் கனஅடி திறப்பு' என்றால் ஒவ்வொரு வினாடிக்கும் 20 ஆயிரம்.

இரண்டையும் இணைக்கும் எண் ஒன்று இருக்கு, மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க. 11,574. ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கனஅடி ஓடினால், அது ஒரு டிஎம்சி. அப்படின்னா 2 லட்சம் கனஅடி வெள்ளம் ஒரு நாளில் கொண்டுபோவது சுமார் 17 டிஎம்சி. இந்த எண்ணை ஓரமா வச்சுக்கலாம், கல்லணைக்குப் போனதும் தேவைப்படும்.

மேட்டூர்: 120 அடிக்குள் இருக்கும் கதை

1924-ல் காவிரியில் பெரும் வெள்ளம் வந்தது. அதே ஆண்டுதான் சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி ஒப்பந்தம் போட்டன. அடுத்த ஆண்டு தொடங்கிய மேட்டூர் அணைப் பணி 1934-ல் முடிந்தது. அப்போதைய ஆளுநர் பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்பது இதன் அதிகாரப்பூர்வ பெயர். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. முழு நீர்மட்டம் 120 அடி.

இங்கே செய்தி படிப்பவர்கள் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நீர்மட்டம் 60 அடி என்றால் அணை பாதி நிரம்பிவிட்டது என்று நினைப்போம். இல்லை. அந்த உயரத்தில் இருப்பு சுமார் 25 டிஎம்சிதான், கால்வாசியைக் கொஞ்சம் தாண்டியது. அணை அடியில் குறுகி மேலே போகப்போக விரிவதால், உச்சியில் ஒவ்வொரு அடி ஏறவும் ஒரு டிஎம்சிக்கும் அதிகமாகத் தண்ணீர் வேண்டும். அதனால அடியை விட டிஎம்சியைப் பார்ப்பதுதான் சரி.

டெல்டாவின் குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12-ல் அணையைத் திறப்பது வழக்கம். ஆனால் அந்தத் தேதி நம் கையில் மட்டும் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி, கர்நாடகம் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும். அதிலும் மாதக் கணக்கு இருக்கு: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்ட்டில் 45.95. பாருங்க, ஜூனில் வர வேண்டியதே கொஞ்சம்தான். அணையில் முந்தைய ஆண்டின் கையிருப்பு இல்லையென்றால் ஜூன் 12 என்பது காலண்டரில் மட்டும்தான் இருக்கும்.

2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல்முறை. 2024-ல் நிலைமை தலைகீழ். ஜூன் 12-ல் திறக்கத் தண்ணீரே இல்லை. குறுவைக்கு நாற்று விட்டவர்கள் போர்வெல்லை நம்பினார்கள், போர்வெல் இல்லாதவர்கள் நிலத்தைச் சும்மா போட்டார்கள். பிறகு குடகிலும் கேரளத்தின் வயநாட்டிலும் மழை கொட்டியது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வழிந்தன. ஜூலை 28-ல் மேட்டூர் திறப்பு. ஜூலை 30-ல் அணை 120 அடி. இரண்டே நாள் இடைவெளி! 'தண்ணீர் இல்லை' என்ற பிரச்சினை ஒரே வாரத்தில் 'தண்ணீரை எங்கே விடுவது' என்று மாறிப்போச்சு.

காவிரியின் குணமே இதுதான். சராசரி எண்ணை வைத்து இதைப் பேசவே முடியாது. கபினி, கேஆர்எஸ் இரண்டும் சேர்ந்து பிடிப்பது சுமார் 69 டிஎம்சி (19.52, 49.45). அவை நிரம்பிய பிறகு வரும் வெள்ளத்தைக் கர்நாடகமும் நிறுத்த முடியாது, மேட்டூரும் 120 அடிக்கு மேல் நிறுத்த முடியாது. 16 கண் மதகு வழியாக உபரிநீர் வெளியேறத்தான் வேண்டும்.

முக்கொம்பு: ஆறு இரண்டாகும் இடம்

மேட்டூரைத் தாண்டி பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் சேர்ந்து அகன்ற காவிரி ஆகிறது. கரூர் மாவட்டம் மாயனூரில் 98 ஷட்டர் கொண்ட கதவணை இருக்கு, பிடிப்பது சுமார் ஒரு டிஎம்சி. அதைத் தாண்டி திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு. இங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கம் தீவு.

கொள்ளிடம் என்ற பெயரே 'கொள்ளும் இடம்' என்று இருப்பதால், வெள்ளத்தைக் கொள்கிற இடம் என்று பலரும் பொருள் சொல்வார்கள். பெயர்க்காரணம் எப்படியோ, வேலை அதுதான். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவு அதிகம், கடலுக்கு நேர்வழி. தண்ணீருக்கு இஷ்டப்படி விட்டால் கொள்ளிடத்துக்குத்தான் ஓடும். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததும் அதுதான். தஞ்சைக்குப் போகும் காவிரியில் மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டே போனது. அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டத் தொடங்கியதுதான் மேலணை. அணைக்கட்டு என்ற நம்ம வார்த்தையைத்தான் ஆங்கிலேயர்கள் 'ஆனிகட்' என்று எழுதி, ஆங்கில அகராதியிலும் சேர்த்தார்கள்.

அந்த மேலணையின் 45 ஷட்டர்களில் 9 ஷட்டர்கள் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஆற்றோடு போயின. தூண்களோடு சேர்த்து, மேலே இருந்த பாலத்தோடு. அதற்குச் சில நாள் முன்புதான் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்திருந்தன. 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதே பகுதியில் உயர் மின்கோபுரம் ஒன்று ஆற்றுக்குள் சாய்ந்தது.

கட்டுமானத்தின் வயசு, வெள்ளத்தின் வேகம் என்று அரசுத் தரப்பில் காரணம் சொன்னார்கள். மணல் குவாரிகளால் படுகை இறங்கிப்போனதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். இரண்டையும் எதிரெதிர் வாதமாகப் பார்க்கத் தேவையில்லை. மணல் ஆற்றில் நிற்கும் கட்டுமானத்துக்கு அந்த மணல்தான் பிடிமானம். படுகை இறங்கினால் அஸ்திவாரத்தின் அடியில் தண்ணீர் அரிக்கும், பழைய கட்டுமானம் முதலில் விழும். போதாததற்கு, மேலே உள்ள அணைகள் தண்ணீரை விடும்போது புது மணலை விடுவதில்லை. மணல் அணைக்குள்ளேயே படிந்துவிடும். வெட்டி எடுத்த அளவுக்கு ஆறு திருப்பித் தரும் என்ற நம்பிக்கை அணை இல்லாத காலத்துக் கணக்கு.

இடிந்த மேலணைக்குப் பக்கத்திலேயே இப்போது புதிய கதவணை நிற்கிறது. டூர் போகிறவர்கள் பழைய கல் தூண்களையும் புதியதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

கல்லணை: தடுக்கும் அணை அல்ல, திருப்பும் அணை

கரிகாலன் கட்டியது, சுமார் 2,000 ஆண்டு பழமை, நீளம் 1,079 அடி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் 'தண்ணியைத் தேக்கும்' என்றுதான் பதில் வரும். கல்லணை தண்ணீரைத் தேக்குவதே இல்லை.

ஸ்ரீரங்கம் தீவு முடியும் இடத்தில் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி பக்கத்தில் வருகின்றன. காவிரிப் படுகை உயரம், கொள்ளிடம் பள்ளம். இடையில் கரை உடைந்தால் காவிரித் தண்ணீர் முழுக்க கொள்ளிடத்தில் கொட்டிவிடும், தஞ்சைக்கு ஒண்ணும் மிஞ்சாது. அந்த வாயை அடைத்ததுதான் கல்லணை. தண்ணீர் குறைவாக வரும்போது அதை டெல்டா பக்கம் திருப்பும். வெள்ளம் வந்தால் சுவருக்கு மேலே ஏறிக் கொள்ளிடத்துக்குப் போய்விடும். ஷட்டர் கிடையாது, இயக்க ஆள் கிடையாது. சுவரின் உயரமே கட்டுப்பாடு. இன்றைக்கு நாம் பார்க்கும் மதகுகளும் பாலமும் பிற்காலத்தில் சேர்த்தவை.

இப்போது கல்லணையில் தண்ணீர் நாலு வழியாகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். இதில் முதல் மூன்றும் பாசனத்துக்கு. கல்லணைக் கால்வாய் மேட்டூரோடு சேர்த்து 1934-ல் வந்ததால் ஊர்ப்பக்கம் 'புது ஆறு' என்பார்கள். 90 வயசாகியும் அது புது ஆறுதான்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான். இந்த மூன்று பாசன வழிகளும் சேர்ந்து தாங்கக்கூடியது சுமார் 25 ஆயிரம் கனஅடிக்குள்தான். அதற்கு மேல் விட்டால் கரை உடையும், நடவு வயல் மூழ்கும். ஆக, 2 லட்சம் கனஅடி வந்தால் முக்கால்வாசிக்கும் மேல் கொள்ளிடத்தில்தான் விட முடியும். கல்லணையில் கடலே வந்தது போல ஓடினாலும், கால்வாய்க்குள் நுழைவது அதே அளவுதான்.

சரி, கால்வாயில் முழு அளவு விட்டும் கடைமடைக்கு ஏன் போகவில்லை? மடை என்றால் தண்ணீர் பாயும் வாய். கடைசி வாயில் இருப்பவன் கடைமடைக்காரன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூணு, நாலு நாள் ஆகும். அங்கிருந்து தஞ்சை, பேராவூரணி தாண்டி புதுக்கோட்டை மாவட்டத்தின் கடைசி ஏரிக்கும், இந்தப் பக்கம் வேதாரண்யம் வரைக்கும் போவதற்கு மேலும் பல நாள். வழியில் காய்ந்து கிடந்த மண் முதலில் குடிக்கும். தூர்வாராத வாய்க்கால், ஆகாயத்தாமரை, உடைந்த மதகுப் பலகை எல்லாம் பங்கு கேட்கும். முறை வைத்து விடும்போது ஒரு முறை தவறினால் கடைசி ஆளுக்கு அடுத்த வாரம்தான். லஸ்கர் பணியிடம் காலியாக இருக்கும் பகுதியில் மதகை ஏற்றி இறக்க ஆளே இல்லை என்பது விவசாயிகளின் தொடர் புகார். ஆக, கடைமடை வறட்சியும் கொள்ளிடம் வெள்ளமும் ஒரே நாளில் நடப்பது முரண்பாடே இல்லை. ஒன்று வாய்க்கால் பிரச்சினை. மற்றது மழையின் வேகம்.

கல்லணைக் கால்வாயின் தரையில் கான்கிரீட் போடுவதை ஒரு பகுதி விவசாயிகள் எதிர்த்தது இதனால்தான் சுவாரசியமானது. கான்கிரீட் போட்டால் கசிவு குறையும், கடைமடைக்கு வேகமாகப் போகும். ஆனால் அந்தக் கசிவில்தான் வழிநெடுக உள்ள கிணறுகளும் போர்வெல்களும் ஊறுகின்றன. ஒருத்தருக்கு 'வீண்', இன்னொருத்தருக்கு நிலத்தடி நீர்.

வெள்ளத்தை ஏன் தேக்கக் கூடாது?

தேக்கலாம். ஆனால் எவ்வளவு என்று பார்ப்போம். கொள்ளிடத்தில் கீழே இறங்கினால் அணைக்கரையில் காட்டன் காலத்து கீழணை. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. சோழர் காலத்து ஏரி. கொள்ளளவு 1.465 டிஎம்சி. 2004 முதல் சென்னைக்கு இங்கிருந்து குடிநீர் வருகிறது. சென்னையில் இருந்துகொண்டு 'காவிரி நமக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்ல முடியாததற்கு இது காரணம்.

இப்போ ஓரமாக வைத்த எண்ணை எடுங்க. 2 லட்சம் கனஅடி வெள்ளம் ஒரு வீராணத்தை நிரப்ப எடுக்கும் நேரம் சுமார் 2 மணி நேரம். ஒரு நாள் வெள்ளத்தைப் பிடிக்க கிட்டத்தட்ட 12 வீராணம் வேண்டும். கர்நாடகம் கட்டத் துடிக்கும் மேகதாது அணையின் திட்ட அளவு சுமார் 67 டிஎம்சி. அதுவே நாலு நாளில் நிரம்பிவிடும். சமவெளி டெல்டாவில் அவ்வளவு பெரிய அணைக்குப் பள்ளத்தாக்கும் கிடையாது.

அதற்காகத் தடுப்பணையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கொள்ளிடத்தில் ஆதனூர் - குமாரமங்கலம் கதவணை கட்டப்பட்டதன் முக்கியமான பலன் தேக்கும் அளவில் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகும் ஆற்றில் நன்னீர் நின்றால் நிலத்தடியில் ஊறும், கடல்நீர் உள்ளே ஏறுவதைத் தள்ளும். வெள்ளத்தையே நிறுத்திவிடும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

வெள்ளத்தின் உண்மையான விலையைக் கொடுப்பவர்கள் கொள்ளிடத்தின் கடைசியில் இருக்கிறார்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்கள் ஆற்றின் இரு கரைகளுக்கு உள்ளேயே இருக்கின்றன. பெயரிலேயே படுகை, திட்டு என்று இருக்கிறது. 2 லட்சம் கனஅடி என்றால் அவர்களுக்கு வீட்டுக்குள் தண்ணீர், பள்ளிக்கூட முகாம், தோட்டப்பயிர் மொத்தமும் நாசம். 2022-லும் அதுதான், 2024-லும் அதுதான்.

கடலுக்குப் போகும் தண்ணீரால் என்ன பயன்?

சட்டமே இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு, மொத்தம் 740 டிஎம்சி என்று கணக்கிட்டு, அதில் 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கும், 4 டிஎம்சியைத் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாகவும் எழுதிவைத்தது. 2018 தீர்ப்பு மாநிலங்களின் பங்கை மாற்றியதே தவிர, இந்த 14-ல் கைவைக்கவில்லை. நூற்றுக்கு 2 கூட வராத பங்கு.

அந்தப் பங்கு எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க பிச்சாவரத்துக்குப் போகணும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்கு நடுவே இருக்கும் அலையாத்திக் காடு. படகில் போய் ரீல்ஸ் எடுக்கிறோம், நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மரங்கள் உப்புத் தண்ணீரில் மட்டும் வாழ்பவை அல்ல. உப்பைத் தாங்கும், அவ்வளவுதான். ஆற்று நன்னீர் வந்து உப்பைக் குறைத்தால்தான் விதை முளைத்து எழும். ஒரு காலத்தில் மொத்தமாக வெட்டப்பட்ட பகுதிகளில் தரை பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி உப்பு ஏறிப்போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, அலை உள்ளே வந்து போக வழிசெய்த பிறகு காடு திரும்பியது. தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கோரையாறு, பாமணியாறு போன்ற வெண்ணாற்றுக் கிளைகள்தான் நன்னீர். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது முதல் அடியை வாங்கியதில் இந்தக் காடும் ஒன்று.

மீனவர்களுக்கும் இதில் பங்கு இருக்கு. இறாலும் பல மீன்களும் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் முகத்துவாரத்தில்தான் குஞ்சாக வளர்கின்றன. கடலில் இருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீன் ஒரு காலத்தில் காவிரியில் பிடிபட்டது. அணைகள் வந்த பிறகு அது குறைந்துபோனது.

அணைத் தண்ணீரில் வாழும் பறவைகள்

'ஈரநிலம்' என்றால் இயற்கையாக அமைந்தது என்று நினைப்போம். டெல்டாவில் கதை வேறு. திருவாரூர் மாவட்டத்தின் உதயமார்த்தாண்டபுரமும் வடுவூரும் பாசன ஏரிகள். அரியலூரின் கரைவெட்டி, புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் காவிரித் தண்ணீரால் நிரம்புவது. மூன்றும் இன்று சர்வதேச ராம்சர் பட்டியலில் உள்ளன: முதல் இரண்டும் 2022-ல், கரைவெட்டி 2024-ல். தமிழ்நாட்டில் முதலில் இடம்பிடித்தது 2002-ல் கோடியக்கரை. 2025 பிப்ரவரியில் எண்ணிக்கை 20 ஆனது, இந்தியாவிலேயே அதிகம்.

மேட்டூர் ஷட்டர் எப்போது ஏறுகிறது என்பதை வைத்துத்தான் இந்த ஏரிகளில் நத்தை குத்தி நாரை கூடு கட்டுவதும் கட்டாததும். மேட்டூர் தாமதமானால் ஏரி தாமதம், நத்தை தாமதம், கூடு தாமதம். அணையை இயக்கும் அட்டவணையில் நெல்லுக்குக் குறுவை, சம்பா, தாளடி என்று காலம் இருக்கு, பறவைக்கு ஒரு வரி கிடையாது. பட்டியலில் 20 சேர்த்த பெருமையோடு, அந்த 20-ல் எத்தனைக்கு ஆண்டுதோறும் தண்ணீர் உறுதி என்பதையும் கேட்கலாம்.

எப்போது போகலாம்?

தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர் சரி. முக்கொம்பும் கல்லணையும் அப்போதுதான் உயிரோடு இருக்கும். ஆனால் வெள்ள எச்சரிக்கை இருக்கும் நாளில் கொள்ளிடத்தில் இறங்கவோ படிக்கட்டில் நின்று செல்ஃபி எடுக்கவோ வேண்டாம். வெள்ளம் ஒரே இரவில் ஏறும். அணைக்கரைப் பக்கம் கூடுதலாக முதலைகளும் உண்டு, அது வதந்தி இல்லை. பறவைகளுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை. கோடியக்கரையில் பூநாரைகளை அப்போது பார்க்கலாம், வெளிமான் எப்போதும் இருக்கும்.

பள்ளி விடுமுறை என்று மே மாதம் போட்டுவிடாதீங்க. உதயமார்த்தாண்டபுரம் ஏரி அப்போது வெடித்துக் கிடக்கும். மே மாதம்தான் முடியும் என்றால் மேட்டூருக்குப் போகலாம். அணை நன்றாக இறங்கியிருந்தால், பண்ணவாடியில் 1934-ல் மூழ்கிய ஊரின் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், ஒரு தேவாலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு வெளியே நிற்கும். பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.